வெல்லாது விடைபெற்றோர்



வென்றோர் கதையைச் சொல்ல ஆயிரம் நாவுகள் உண்டு. தோற்றோர் கதையைச் சொல்ல முன்வருவோர் மிகச் சிலரே. எப்போதேனும் அது சொல்லப்படினும், பின்னாளில் அவர்கள் பெற்ற வெற்றிக்கு முன்னுரையாகவே சொல்லப்படுகிறது. "அன்று தோற்றான், மனம் தளரவில்லை, இன்று வென்றான்" என்று முடித்தால்தான் கேட்போர்க்கும் நிறைவு, சொல்வோர்க்கும் நிறைவு. இறுதிவரை வெல்லாமலே களத்தை விட்டுச் சென்றவனுக்கு அந்தக் கதையில் இடமில்லை. அவன் உழைப்பு வீண் என்று வாய்விட்டுச் சொல்வாரில்லை. ஆயினும் அவனைப் பற்றி ஒன்றும் பேசாதிருப்பதன் மூலம் அதையே நாம் சொல்லிவிடுகிறோம்.

அத்தகைய இளைஞர் சிலரைப் பற்றி இத்திங்கள் எண்ணிப்பார்க்க விழைகிறோம். அவர்கள் அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கால்பந்துக் குழுவினர். 1983ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1988ஆம் ஆண்டு அக்டோபர் வரை அக்குழு தொடர்ந்து 44 ஆட்டங்களில் தோற்றது. இடையில் ஒரு வெற்றியில்லை. சமநிலையில் முடிந்த ஆட்டமும் இல்லை.

ஆட்டமும் கல்லூரிகளும்

கால்பந்து என்றதும் நாம் நினைக்கும் ஆட்டம் வேறு, அமெரிக்கர் அப்பெயரால் அழைக்கும் ஆட்டம் வேறு. அங்கே பந்து முட்டை வடிவினது. அதைக் காலால் உதைப்பது குறைவு. கையில் ஏந்தி ஓடுவதும், தோழனிடம் எறிவதுமே பெரும்பகுதி. பக்கத்திற்குப் பதினொருவர் ஆடுவர். தலைக்கவசமும் தோட்காப்பும் அணிந்து ஒருவரையொருவர் மோதித் தடுப்பர். பந்தை ஏந்தியவனைப் பிடித்துத் தரையில் வீழ்த்துவது தடுப்போர் கடமை. நூறு கெஜ நீளமுள்ள திடலின் மறுகோடிக்குப் பந்தைக் கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளிகள். இதை 'டச்டவுன்' என்பர். பந்தை உதைத்துக் கோல் கம்பங்களுக்கிடையே செலுத்தினால் மூன்று புள்ளிகள். உடல் வலியின்றி இவ்வாட்டத்தை ஆட இயலாது. வென்றவனுக்கும் வலிக்கும், தோற்றவனுக்கும் வலிக்கும். வென்றவன் வலியை மறந்துவிடுகிறான். வேற்றுமை அவ்வளவே.

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து பெருந்திருவிழா போன்றது. பல பல்கலைக்கழகங்கள் சிறந்த ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகை அளித்துத் தம்பால் இழுத்துக் கொள்கின்றன. ஆனால் கொலம்பியா, ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், பிரவுன், கார்னெல், டார்ட்மத், பென்சில்வேனியா ஆகிய எட்டும் சேர்ந்த 'ஐவி லீக்' என்னும் கூட்டமைப்பில் அவ்வழக்கம் கிடையாது. அங்கே பொருளுதவி என்பது மாணவன் குடும்பத்தின் தேவையைப் பொறுத்தது. அவன் ஆட்டத் திறமையைப் பொறுத்தது அன்று. இதனை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். இக்கதையின் உயிர்நாடி இதிலேதான் உள்ளது. குழுவில் இருந்தால் பணம் வரும் என்பதோ, விலகினால் படிப்புக்குரிய பணம் நின்றுவிடும் என்பதோ அந்த இளைஞர்களுக்கு இல்லை. எந்த நாளிலும் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு நூலகத்திற்குச் சென்றிருக்கலாம். கேட்பாரில்லை.

ஒரு காலத்துப் பெருமை

கொலம்பியா எக்காலத்தும் தோற்றுவந்த குழு அன்று. 1934ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று, கலிபோர்னியாவில் மழையில் ஊறிய திடலில், புகழ்பெற்ற ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை 7-0 என்ற கணக்கில் அது வென்றது. 1947ஆம் ஆண்டு அக்டோபரில், 32 ஆட்டங்களாகத் தோல்வியே அறியாதிருந்த வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரிக் குழுவை 21-20 என்ற கணக்கில் வீழ்த்தி நாட்டையே வியக்கச் செய்தது.

இவ்விரு வெற்றிகளின்போதும் பயிற்சியாளராய் இருந்தவர் லூ லிட்டில் என்பவர். 1930 முதல் 1956 வரை 27 பருவங்கள் அப்பணியில் இருந்தார். கொலம்பியாவின் கால்பந்து வரலாற்றில் அவர் பெயருக்கே முதலிடம். நாட்டின் கல்லூரிக் கால்பந்துப் பெருமக்கள் வரிசையிலும் அவருக்கு இடமளிக்கப்பட்டது. இத்துணைப் புகழ் பெற்ற அவரது கணக்கைப் பார்த்தால் வியப்புத் தோன்றும். கொலம்பியாவில் அவர் வென்றவை 110, தோற்றவை 116, சமநிலை 10. வென்றதினும் தோற்றது மிகுதி! எனினும் அவரைத் தோல்வியாளர் என்று எவரும் அழைத்ததில்லை. ஒரு மனிதனின் பணியை அளக்க வெற்றி தோல்விக் கணக்கு ஒன்றே போதாது என்பதைக் கொலம்பியா அன்று அறிந்திருந்தது. பின்னர் ஒரு காலத்தில் அதனைச் சிலர் மறந்தனர் போலும்.

சரிவு

சரிவு ஒரே நாளில் வரவில்லை. 1971இல் கொலம்பியா ஆறு ஆட்டங்களில் வென்று மூன்றில் தோற்றது. அதன்பின், தோல்விகளினும் வெற்றிகள் மிகுந்த பருவம் ஒன்றைக் காண 1994 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

காரணங்கள் கண்கூடானவை. பல்கலைக்கழகம் மன்ஹாட்டன் தீவில் 116ஆம் தெருவில் உள்ளது. திடலோ தீவின் வடகோடியில், 218ஆம் தெருவில். வகுப்பு முடிந்ததும் பேருந்தில் ஏறி நூறு தெருக்களைக் கடந்து சென்று பயிற்சி செய்து, மீண்டும் அதே வழியில் திரும்பிப் பாடம் படிக்க வேண்டும். பழைய பார்வையாளர் மேடைகள் மரத்தாலானவை. நாட்பட்டுப்போன அவை அகற்றப்பட்டு, 1984இல்தான் புதிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தோற்கும் குழுவைத் தேடி நல்ல ஆட்டக்காரன் வருவதில்லை. நல்ல ஆட்டக்காரன் வராத குழு மீண்டும் தோற்கிறது. கடன்பட்டவன் வட்டி கட்டவே மேலும் கடன் வாங்குவது போன்றது இது.

1983 அக்டோபரில் யேல் குழுவை 21-18 என்று வென்றதே இறுதி வெற்றி. நவம்பரில் டார்ட்மத்துடன் 17-17 என்ற சமநிலை. பின்னர்த் தொடங்கியது தோல்வி வரிசை. அப்பருவத்தின் இறுதி இரண்டு ஆட்டங்கள், 1984இல் ஒன்பது, 1985இல் பத்து, 1986இல் பத்து, 1987இல் பத்து, 1988இன் முதல் மூன்று. கூட்டினால் 44. புதிய விளையாட்டரங்கம் திறந்து நான்கு பருவங்கள் கழிந்தும், அதனுள் சொந்தக் குழு வென்றதைக் கண்டவர் ஒருவருமில்லை.

1987 அக்டோபரில் பிரின்ஸ்டனிடம் பெற்ற தோல்வி 35ஆவது. அதற்குமுன் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1979க்கும் 1982க்கும் இடையே தொடர்ந்து 34 ஆட்டங்களில் தோற்றிருந்தது. பெரும்பிரிவுக் கல்லூரிகளிடையே அதுவே மிக நீண்ட தோல்வி வரிசையாக இருந்தது. அந்த வேண்டாப் பெருமையும் இப்போது கொலம்பியாவுக்கு வந்து சேர்ந்தது. வெற்றி காலத்தில் எட்டிப் பாராத செய்தியாளர் தோல்வியைக் காணக் கூடினர். குழுவின் பெயரே நகைச்சுவைக்குப் பொருளாயிற்று.

ஒரு நாவின் தீங்கு

இவ்வரலாற்றில் நம்மை நின்று சிந்திக்க வைக்கும் நிகழ்ச்சி ஒன்று 1985இல் நடந்தது. அவ்வாண்டு ஜிம் காரெட் என்பவர் புதிய பயிற்சியாளராய் வந்தார். தொழில்முறைக் கால்பந்து உலகில் நெடுநாள் பழகியவர், ஆட்ட நுணுக்கம் அறிந்தவர். அவருடைய புதல்வர் மூவரும் அதே பல்கலைக்கழகத்தில் மாணவராயினர்.

முதல் ஆட்டம் ஹார்வர்டுடன். கொலம்பியா 17-0 என்று முன்னணியில் இருந்தது. நெடுநாள் இருள் விலகப்போகிறது என்று எல்லாரும் நம்பியிருந்த வேளையில், ஹார்வர்டு அடுத்தடுத்து 49 புள்ளிகள் எடுத்தது. முடிவு 49-17. ஆட்டம் முடிந்தபின் செய்தியாளரிடம் பேசிய பயிற்சியாளர் கடுஞ்சொற்களைக் கொட்டினார். தம் இளைஞர்களைத் தோல்வி என்னும் போதைக்கு அடிமைப்பட்டவர்கள் என்னும் பொருள்படப் பழித்தார். பந்தை உதைக்கும் பொறுப்பிலிருந்த ஒரு மாணவனைத் தனியே சுட்டியும் குறை கூறினார். அடுத்த நாள் நாளேடுகள் அதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தன.

அந்த ஆண்டு பத்து ஆட்டங்களிலும் குழு தோற்றது. பருவம் முடிந்ததும் பயிற்சியாளர் பதவி விலகினார். புதல்வர் மூவரும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற்கு மாறிச் சென்றனர்.

கடுமையாகப் பேசினால் இளைஞர்க்கு உணர்ச்சி பிறக்கும் என்று எண்ணும் பெரியோர் பலர் உண்டு. கண்டிப்பு வேறு, இழிவுபடுத்தல் வேறு. "இந்த இடத்தில் நீ இதைத் தவறாகச் செய்தாய், இவ்வாறு திருத்து" என்பது கண்டிப்பு. அது செயலைச் சுட்டுகிறது, திருத்தும் வழியைக் காட்டுகிறது. "நீ தோற்பதற்கே பிறந்தவன்" என்பது இழிவு. அது ஆளைச் சுடுகிறது, வழியை அடைத்துவிடுகிறது. அன்றியும், கண்டிப்பு நான்கு சுவர்களுக்குள் நிகழ்வது. இழிவோ பிறர் காதில் விழும்படி பேசப்படுவது. பத்தொன்பது வயது இளைஞன் ஆட்டத்தில் தோற்றதை ஒரு மாதத்தில் மறப்பான். தான் மதித்த பெரியவர் ஊரறியத் தன்னைப் பழித்ததை அவன் எளிதில் மறக்கமாட்டான்.

பேசியவர் தீயவர் அல்லர். தோல்வி அவரையும் சுட்டது. வெற்றியைக் கையில் பிடித்தபின் இழந்த ஏமாற்றத்தில் நா வழுக்கிற்று. தோல்வியின் சோதனை ஆடுவோரைவிட ஆட்டுவிப்போர்க்கே கடினமானது என்பதற்கு இது சான்று. ஆடுவோன் தன் வலியைத் தன் உடலில் தாங்குகிறான். ஆட்டுவிப்போன் தன் வலியைப் பிறர்மேல் இறக்கி வைக்கும் வாய்ப்பைப் பெற்றிருக்கிறான். அந்த வாய்ப்பைப் பயன்படுத்தாதிருப்பதே பெரியோர்க்கு அழகு.

முப்பதுக்கு முப்பது

இனி நாம் சொல்லவந்த பொருளுக்கு வருகிறோம்.

அக்காலத்தில் ஐவி லீக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் பெரிய குழுவில் சேர இயலாது. அவர்களுக்கெனத் தனிக் குழு இருந்தது. ஆதலின் 1984இன் இலையுதிர் காலத்தில் கல்லூரியில் சேர்ந்தவன் 1985, 1986, 1987 ஆகிய மூன்று பருவங்களில்தான் பெரிய குழுவில் ஆடியிருப்பான். பருவத்திற்குப் பத்து ஆட்டங்கள், மொத்தம் முப்பது. முப்பதும் தோல்வி. 1988ஆம் ஆண்டு கோடையின் தொடக்கத்தில் அவன் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டான்.

அந்த இளைஞனை ஒரு கணம் கண்முன் நிறுத்திப் பாருங்கள். காலையில் வகுப்பு. கொலம்பியாவின் பாடத்திட்டம் எளியதன்று, ஆட்டக்காரனுக்கென்று சலுகையும் அதில் இல்லை. பிற்பகல் பேருந்து. குளிரில் இருட்டும்வரை பயிற்சி. சனிக்கிழமை ஆட்டம். வெறுமையாய்க் கிடக்கும் இருக்கைகள். தோல்வி. ஞாயிறு உடல் வலி. திங்கட்கிழமை வகுப்பில் உடன் பயிலும் மாணவரின் புன்னகை. அன்று மாலை மீண்டும் பேருந்து. அவனைக் கட்டிவைத்த கயிறு எதுவுமில்லை. பணமில்லை, புகழில்லை, தொழில்முறை ஆட்டத்திற்குச் செல்லும் வாய்ப்பும் அநேகமாக இல்லை. சிலர் விலகினர், அவர்களை நாம் குறை கூறோம். ஆனால் பலர் இருந்தனர். ஒரு முறையன்று, முப்பது முறை திடலில் இறங்கினர்.

ஏன் இறங்கினர்? அருகில் நிற்பவன் இறங்குகிறான், அவனைத் தனியே விட மனமில்லை என்பது ஒரு காரணமாயிருக்கலாம். குழு ஆட்டங்களில் இது இயல்பு. ஆட்டத்தின்மேல் கொண்ட அன்பு மற்றொன்று. ஏற்றுக்கொண்டதை நடுவில் விடலாகாது என்னும் உறுதி பிறிதொன்று. இவற்றுள் எதற்கும் புள்ளிப் பலகையில் இடமில்லை. ஆயினும் இம்மூன்றுமே ஒருவன் பிற்காலத்தில் கணவனாய், தந்தையாய், ஊழியனாய் வாழ்வதற்கு அடிப்படையானவை.

அந்த அக்டோபர் நாள்

1988 அக்டோபர் 8, சனிக்கிழமை. பழைய மாணவர்கள் தம் கல்லூரிக்குத் திரும்பிவந்து கொண்டாடும் விழா நாள். எதிரணி பிரின்ஸ்டன். அதன் ஆட்டத்தை முன்னின்று நடத்தும் 'குவார்ட்டர்பேக்' என்னும் பொறுப்பில் நின்றவர் ஜேசன் காரெட். ஆம், மூன்றாண்டுகளுக்கு முன் கொலம்பியாவை விட்டு நீங்கிய பயிற்சியாளரின் மகனேதான். அவருடைய தம்பி ஜட் காரெட்டும் அக்குழுவில் இருந்தார். ஜேசன் சிறந்த ஆட்டக்காரர். பின்னாளில் டல்லஸ் கவ்பாய்ஸ் என்னும் தொழில்முறைக் குழுவில் ஆடி, 2010 முதல் 2019 வரை அதன் தலைமைப் பயிற்சியாளராகவும் விளங்கியவர்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடங்களும் சில நொடிகளும் இருக்கையில், கொலம்பியா வீரர் ஒருவர் இரண்டு கெஜம் முண்டியடித்துச் சென்று டச்டவுன் எடுத்தார். கணக்கு 16-13. பிரின்ஸ்டன் விட்டுவிடவில்லை. ஜேசன் தம் குழுவை மெல்ல மெல்ல முன்னேற்றிக்கொண்டு வந்தார். கடைசி நொடியில், 48 கெஜத் தொலைவிலிருந்து பந்தை உதைத்துச் சமன் செய்ய முயன்றனர். பந்து கம்பங்களை எட்டாது தரையில் வீழ்ந்தது. அவ்வளவுதான். மாணவர் கூட்டம் திடலுக்குள் பாய்ந்தது. ஐந்தாண்டு ஏக்கம் ஒரு மாலையில் தீர்ந்தது.

நாம் மகிழ்கிறோம். ஆனால் மகிழ்ச்சியின் நடுவே ஒரு கேள்வி எழுகிறது. சில திங்களுக்கு முன் பட்டம் பெற்றுச் சென்றார்களே, அவர்கள்? முப்பதுக்கு முப்பதும் தோற்றவர்கள்? அந்த வெற்றிக் கணக்கில் அவர்கள் பெயர் இல்லை. திடலில் பாய்ந்த கூட்டத்தில் அவர்களைத் தூக்கிச் சுமந்தாரும் இல்லை.

"அவர்கள் விதைத்தனர், பின்வந்தோர் அறுத்தனர்" என்று சொல்லி முடித்துவிடலாம். கேட்க இனிமையாய் இருக்கும். ஆனால் உண்மை அவ்வளவு இனிமையாய் அமையவில்லை. 1988இல் கொலம்பியா பெற்றது மொத்தம் இரண்டே வெற்றிகள், தோல்விகள் எட்டு. 1986இல் பொறுப்பேற்று இந்த வெற்றியை ஈட்டித் தந்த பயிற்சியாளர் லாரி மெக்எல்ரீவியும் அப்பருவத்தோடு நீங்கினார். மூன்றாண்டுகளில் அவர் கணக்கு இரண்டு வெற்றி, இருபத்தெட்டுத் தோல்வி. பெரிய அறுவடை எதுவும் உடனே வரவில்லை.

ஆகவே, பின்னர் வந்த வெற்றியைக் காட்டி அந்த இளைஞர்களின் உழைப்புக்கு நியாயம் தேடுவது வேண்டுவதில்லை என்று கருதுகிறோம். வெற்றி வந்திராவிடினும் அவர்கள் செய்தது நன்றே. மருத்துவர் முயன்றும் பிழைக்காத நோயாளிக்குச் செய்த பணிவிடை வீணாகுமோ? மழை பொய்த்த ஆண்டில் உழவன் உழுத உழவு இழிந்ததாகுமோ? பலன் நம் கையில் இல்லாத போதும் பணி நம் கையில் இருக்கிறது. அதைச் செவ்வனே செய்தவன் எவருக்கும் கடன்பட்டவன் அல்லன்.

பொய்யான ஆறுதலும் வேண்டாம்

இவ்வாறு கூறுவதால், தோல்வி ஒரு பொருட்டன்று என்றோ, தோல்வியும் ஒருவகை வெற்றியே என்றோ நாம் கூறுவதாக எவரும் கொள்ளவேண்டாம். 49-17 என்பது தோல்விதான். அதனை வெற்றி என்று பெயரிட்டு அழைத்தால் தோற்றவனே நம்மை நம்பமாட்டான். தோற்ற இளைஞனுக்கு வேண்டியது மெய். மெய்யை அன்போடு சொல்வார் வேண்டும்.

மெய்யில் ஒரு பகுதி பெரியோரைச் சேர்ந்தது. தொடர்ந்து பல ஆண்டுகள் ஒரு குழு தோற்குமாயின் குற்றம் பத்தொன்பது வயதினரிடம் மட்டும் இருத்தல் இயலாது. அவர்களோ மூன்றாண்டுகளில் மாறிவிடுகிறவர்கள். மாறாதிருப்பது ஏற்பாடுகளும் அவற்றைச் செய்யும் பெரியோருமே. டெக்சாஸ் மாநிலத்தில் கறுப்பின மக்களின் கல்விக்கெனத் தோன்றிய பிரெய்ரி வியூ பல்கலைக்கழகத்தின் வரலாறு இதனை இன்னும் தெளிவாகக் காட்டும். 1950களிலும் 1960களிலும் சாம்பியன் பட்டங்கள் பெற்ற குழு அது. பண நெருக்கடியால் 1990இல் கால்பந்தையே நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு உதவித்தொகை எதுவுமின்றி மீண்டும் தொடங்கிற்று. எதிர்த்து ஆடிய குழுக்களோ உதவித்தொகை அளித்தவை. விளைவு? 1989 முதல் 1998 வரை தொடர்ந்து 80 தோல்விகள். கொலம்பியாவின் 44ஐயும் அது கடந்துவிட்டது. 1998 செப்டம்பரில் லாங்ஸ்டன் பல்கலைக்கழகத்தை 14-12 என்று வென்றபோதே அது முடிவுற்றது. அந்த 80 ஆட்டங்களில் ஓடிக் களைத்த இளைஞரைச் சோம்பேறிகள் என்று சொல்வார் உளரோ? வெறுங்கையோடு அனுப்பிவிட்டு வெற்றியோடு வா என்பது நீதியன்று.

கொலம்பியாவிலும் இப்பாடம் ஒருமுறையில் முடியவில்லை. 2012 முதல் 2015 வரை மீண்டும் 24 தொடர் தோல்விகள். 2013, 2014 ஆகிய இரு பருவங்களிலும் ஒரு வெற்றியும் இல்லை. பின்னர்ப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திற்கு ஒன்பது முறை ஐவி லீக் பட்டம் பெற்றுத் தந்த ஆல் பேக்னோலி என்பவரைப் பயிற்சியாளராகக் கொணர்ந்தனர். 2015 அக்டோபரில் வாக்னர் கல்லூரியை 26-3 என்று வென்று அவ்வரிசை முடிந்தது. 2017இல் எட்டு வெற்றி, இரண்டு தோல்வி. இளைஞர் ஒரே இரவில் மாறிவிடவில்லை. முன்னர்த் தோற்றவர் சிலரே இப்போதும் ஆடினர். அவர்களை வழிநடத்திய முறை மாறிற்று.

2024 நவம்பரில் கொலம்பியா கார்னெல்லை 17-9 என்று வென்று, ஹார்வர்டு, டார்ட்மத் ஆகியவற்றோடு ஐவி லீக் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. அதற்குமுன் அப்பட்டம் கிட்டியது 1961இல். இடையே கழிந்தவை 63 ஆண்டுகள். அந்த நெடிய காலத்தில் அக்குழுவில் சேர்ந்து, ஆடி, பட்டமின்றிச் சென்ற இளைஞர் எத்தனையோ தலைமுறையினர். அவர்கள் ஒவ்வொருவரும் தம் பருவத்தில் இறங்கி ஆடாதிருந்தால், 2024இல் பட்டம் பெற அங்கே ஒரு குழு இருந்திராது. இதனை அவர்களுக்குரிய பரிசாக நாம் சொல்லவில்லை. நடந்த உண்மையாகச் சொல்கிறோம்.

வீட்டு வாசலில்

பெற்றோர்களே, தோற்றுத் திரும்பும் பிள்ளை முதலில் காண்பது உங்கள் முகத்தையே. அது விளையாட்டாயினும் தேர்வாயினும் வேலைக்கான நேர்முகமாயினும் ஒன்றே. அந்த வாசலில் மூன்றை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்.

முதலாவது, அன்றைய உணவை அன்று அன்போடு படையுங்கள். ஆராய்ச்சியை மறுநாளைக்கு வையுங்கள். தோற்ற மாலையில் சொல்லப்படும் அறிவுரை அறிவுரையாகச் செவியில் ஏறுவதில்லை.

இரண்டாவது, பிள்ளையின் குறையைப் பிள்ளையிடம் சொல்லுங்கள், அயலாரிடம் சொல்லாதீர்கள். உறவினர் நடுவே "இவன் எதற்கும் உதவமாட்டான்" என்று நகைத்துச் சொல்லும் ஒரு சொல், செய்தித்தாளில் வந்த பழிச்சொல்லினும் கொடியது. செய்தித்தாள் மறுநாள் பழையதாகிவிடும். வீட்டில் விழுந்த சொல்லோ பிள்ளையோடு வளரும்.

மூன்றாவது, நாம் அவனுக்குக் கொடுத்தது என்ன என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். படிக்க இடமும் நேரமும் கொடுத்தோமா, பயில வழி காட்டினோமா, அல்லது வெறுங்கையோடு அனுப்பினோமா? அவன் கணக்கைப் பார்க்குமுன் நம் கணக்கைப் பார்ப்பது நன்று.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு சொல். நீங்கள் வெல்லவேண்டும் என்றே விரும்புகிறோம். வெல்வதற்கு முழு வலிமையோடு முயலுங்கள். தோற்றால் ஏன் தோற்றோம் என்று ஆராயுங்கள். திருத்தக்கூடியதைத் திருத்துங்கள். ஆனால் உலகில் எல்லார்க்கும் அந்த அக்டோபர் நாள் வாய்ப்பதில்லை. ஐந்து திங்கள் முன்னதாகவே விடைபெற வேண்டியவர்களும் உண்டு. அவர்களுள் ஒருவராய் நீங்கள் அமைய நேரிட்டாலும் தலைகுனிய வேண்டியதில்லை. முப்பதாவது ஆட்டத்தின் நாளன்று, இருபத்தொன்பது தோல்விகளைத் தோளில் சுமந்தபடி, அந்த இளைஞர்கள் காலணியின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு திடலுக்குச் சென்றார்கள். அன்றும் தோற்றார்கள். ஆயினும் சென்றார்கள்.